பன்னிரண்டாவது படம்

என் விரல் நுனியில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. காய்ந்த பசையும், ஈரம் குடித்த அட்டையும், நாற்பது சொச்சம் வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த காற்றும் சேர்ந்த வாசனை. இன்று காலை அந்தப் பழைய போட்டோ சட்டத்தின் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, படத்தைப் புதுச் சட்டத்தில் மாட்டினேன். மாட்டிய கையோடு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். மூன்று வாரமாக எனக்குள் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கிறது. இதை முழுசாகப் புரிந்துகொள்ளக் கூடியவள் நீ ஒருத்திதான். நீயோ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் என்ன, எழுதத்தான் போகிறேன். நான் சொல்வதை நீ குறுக்கே பேசாமல் கேட்பது இதுதான் முதல் தரம்.

எந்தப் படம் என்று உனக்கே தெரியும். ஏழு வயதுச் சரசு, அதாவது நான், லேஸ் காலர் வைத்த ஃபிராக்கில், கேக்குக்குப் பின்னால் கத்தியைப் பிடித்துக்கொண்டு கலெக்டர் மாதிரி நிற்கிற படம்.

ஆரம்பித்து வைத்தவள் உன் மகள் ஜெனி. அவள் குழந்தைக்கு, அதாவது உன் பேத்திக்கு, முதல் பிறந்தநாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் அவர்கள் இருக்கிற அபார்ட்மென்டின் கிளப் ஹவுஸில் பார்ட்டி. ஒரு சுவர் முழுக்கக் குடும்பத்தாரின் சின்ன வயசுப் படங்களை மாட்டப் போவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை பக்கத்தில் கொள்ளுத்தாத்தா வரைக்கும் படம் இருக்கிறதாம், அதுவும் குதிரைப் பொம்மை மேல் உட்கார்ந்து. உன் பக்கத்தில் ஜெனி இருக்கிறாள். அதற்கு மேலே வெறும் சுவர்.

"ஆன்ட்டி, அம்மாவோட சின்ன வயசு போட்டோ உங்ககிட்ட ஒண்ணாவது இருக்கும்ல? எங்கிட்ட இருக்கிறதே டென்த் குரூப் போட்டோதான். அதுலயும் அம்மா கண்ணை மூடிட்டு நிக்கிறாங்க."

"தேடிப் பாக்குறேன் கண்ணு" என்றேன். வாய் சொல்லிவிட்டது, முகம் சூடாகிவிட்டது. நல்லவேளை, வீடியோ கால் இல்லை. உனக்குச் சின்ன வயசுப் படம் ஏன் இல்லை என்பது இப்போது உயிரோடு இருக்கிறவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். உனக்கு வரவேண்டிய படம் என் வீட்டு ஹாலில் தொங்குகிறது. அதில் நான் நிற்கிறேன்.

ஆஸ்டின் டவுனில் நம் வரிசை வீடுகளில் கேக் என்ற ஒன்றை வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்தது உன் வீட்டில்தான். உங்கப்பா பேக்கரியில் அடுப்பு வேலை செய்தார். அடுப்பில் ஒரு பக்கம் சூடு அதிகம் என்பதால் சில கேக்குகள் ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் சரிந்து வெளியே வரும். அப்படி விற்பனைக்கு ஆகாத ஒன்றை உன் பிறந்தநாளுக்கு வாங்கிவந்து, சரிந்த பக்கத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்து, மேலே ரோஜாப் பூ வரைந்துவிடுவார். எங்களுக்கு அது கோபுரம்.

வெட்டுவதற்கு முன்னால் உங்கப்பா, எங்கள் எல்லாருக்கும் மாமா, ஒரு சட்டம் வைத்திருந்தார். வரிசையில் கேக் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கேக்குக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும். கத்தியைக் கையில் வாங்கி, கேக்கின் மேல் தொட்டும் தொடாமலும் வைக்கவேண்டும். மற்ற எல்லாரும் கைதட்டிப் பாடவேண்டும், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி. "கத்தியை வையி, வெட்டாதே" என்று மாமா ஒவ்வொரு தரமும் சொல்வார். எல்லாரும் நின்று முடித்த பிறகுதான் உன் முறை. "நாம வீட்டுக்காரங்க, நாம கடைசிலதான்" என்பார். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்ட பிறகு வீட்டார் சாப்பிடுகிற மாதிரி, உன் பிறந்தநாளையும் நீ கடைசியில்தான் கொண்டாடவேண்டும். நீயும் அதை ஒரு பெருமையாகத்தான் வைத்திருந்தாய்.

எங்களுக்கும் அதில் கூச்சம் ஒன்றும் இல்லை. யாருக்குச் சரியான பிறந்த தேதி தெரிந்திருந்தது? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய ஜூன் மாசத் தேதிதான் பாதிப் பேருக்கு. எங்கள் வீட்டில் மார்கழியில் என் நட்சத்திரம் பார்த்து ஒரு அர்ச்சனை, ஒரு டம்ளர் பாயசம், முடிந்தது. அதனால் உன் பிறந்தநாள் எல்லாருடைய பிறந்தநாளுமாக இருந்தது.

நமக்கு ஏழு வயதானபோது கேமரா வந்தது. மாமாவுக்குப் பழக்கமான ஒரு ஸ்டுடியோக்காரர், ஒரு ரீல் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். ரீலுக்குப் பன்னிரண்டு படம். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பதினோரு பேர், பன்னிரண்டாவது நீ. கச்சிதமான கணக்கு என்று மாமா குதித்துக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கிற பாட்டன்மாருக்கும் அத்தைமாருக்கும் அனுப்ப ஆளுக்கு ஒரு படம்!

என் அம்மா என்னை அனுப்ப மறுத்தாள், ஞாபகம் இருக்கிறதா? "பொட்டைப் புள்ளைக்கு எதுக்கு போட்டோ, தம்பியைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். தம்பி அப்போது தொட்டிலில் கிடந்தான். மாமா வாசலில் நின்றுகொண்டு நகரவில்லை. "சரசையும் அனுப்புங்கம்மா. எம்பொண்ணும்தானே நிக்கப் போறா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் வந்தேன். வந்து என்ன செய்தேன்? உன் படத்தை எடுத்துக்கொண்டேன். பத்தாவது ஆளாக நின்ற பாஷாவின் முறையில் கேக் வழுக்கி, ஒரு படம் வீணாகிவிட்டது. பாஷாவை மறுபடி எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர் கேமராவைப் பார்த்து, "இன்னும் ஒண்ணுதான் இருக்கு" என்றார். மிச்சம் இருந்தவர்கள் நாம் இரண்டு பேர். நான் உன்னைப் பார்க்கவில்லை டீ. கேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாய். "போடி, நீ போ. எங்க வீட்டு கேக், எனக்கு அடுத்த வருஷம் இருக்கு" என்றாய்.

அடுத்த வருஷம் அந்த பேக்கரியை மூடிவிட்டார்கள். மாமா கட்டட வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு உன் வீட்டில் கேக்கும் இல்லை, கேமராவும் இல்லை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியவளான பிறகு அந்தப் படத்தை என் பிறந்தநாள் படம் என்றே எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினேன். கான்வென்ட்டில் படித்த பெண்களோடு லேப் டெக்னீசியன் படிப்புக்குப் போனேன் அல்லவா, அங்கே ஆரம்பித்த பொய். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமியார் அந்தச் சட்டத்தின் முன் நின்று, "பரவாயில்லையே, அந்தக் காலத்துலயே கேக் வெட்டித்தான் பிறந்தநாளா?" என்று கேட்டார். என் அம்மா தரையைப் பார்த்தாள். நீ காபித் தட்டோடு உள்ளே வந்தாய். ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஆமாங்க, பெரிய கேக். நான்கூட சாப்ட்டேன்" என்றாய். பிறகு சமையலறையில் வைத்து என் காதைத் திருகினாய். அதோடு சரி. சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு பேச்சு பேசவில்லை. ஒரே ஒரு தரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான் சின்னப் புள்ளையில எப்படி இருந்தேன்னு எனக்கே மறந்துபோச்சு சரசு" என்றாய். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது புரிகிறதா, ஜெனி கேட்டதும் எனக்கு ஏன் முகம் சூடானது என்று?

சரி, உன் படம்தான் இல்லை, நீ இடம் கொடுத்த படத்தையாவது ஸ்கேன் செய்து அனுப்பி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டத்தைப் பிரித்தேன். கண்ணாடியை எடுத்தேன். படத்தைச் சுற்றி அட்டையில் விளிம்பு கட்டியிருந்தார்கள், அதையும் உரித்தேன். அந்த விளிம்பு இத்தனை வருஷமும் படத்தின் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை மூடி வைத்திருந்தது. அங்கே ஒரு கை இருந்தது.

சின்னக் கை. மேசை விரிப்புக்குள் இருந்து வெளியே வந்து, கேக் வைத்திருந்த தகரத் தட்டின் ஓரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

முப்பது வருஷம் லேபில் மைக்ராஸ்கோப் பார்த்த கண் இது. பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். துணியின் முடிச்சுகூடத் தெரிந்தது. அன்று காலை மாமாவின் சூட்டுத் தட்டைத் தொட்டு நீ கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டாய், உன் அம்மா பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். உன் கை! என்னைத் தள்ளிவிட்ட கையோடு நீ மேசைக்கு அடியில் போயிருக்கிறாய்! மேசை சின்னது, தட்டு பெரியது. இடது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேக்கோ கோணல். படத்தில் நேராகத் தெரியவேண்டும் என்று மாமா உன்னை அடியில் உட்காரவைத்து அந்த ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். இது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. நான் கேக்குக்குப் பின்னால் நிற்பவள், எனக்கு எங்கே அடியில் இருப்பவளின் ஞாபகம் இருக்கும்?

அப்படியானால் மற்றப் படங்களிலும் நீ இருக்கவேண்டும் அல்லவா? அன்றே போனை எடுத்தேன். வரிசையில் இருந்தவர்களின் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று ஒருத்தரைப் பிடித்து இன்னொருத்தரைப் பிடித்து, ஒரு வாரத்தில் ஆறு படங்களை வாங்கிவிட்டேன். என்னுடையதோடு ஏழு. சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். என் வீட்டுக்காரர் சாம்பார்க் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வைக்க இடம் தேடினார். "தரையில உக்காந்து சாப்பிடுங்க, ஒரு நாளைக்கு" என்றேன்.

எல்லாவற்றிலும் உன் கை இருந்தது.

கை மட்டுமா! ஒன்றைத் தனியாகப் பார்த்தால் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் வரிசை முழுசும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. பதினோரு பிள்ளைகளில் பெண்கள் நானும் லில்லியும் மட்டும்தான். வரிசையில் அப்போது பெண் பிள்ளைகள்தான் அதிகம் என்பது உனக்குத் தெரியும். அத்தனை பேரும் எங்கே? பூதக்கண்ணாடியில் தேடினால் கிடைக்கிறார்கள். கதவோரத்தில், இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு, பாதி முகமாக. லில்லியும் நானும் போட்டிருப்பது ஒரே ஃபிராக். இரண்டு படத்திலும் மூன்றாவது பொத்தான் இல்லை. அது உன் பிறந்தநாள் ஃபிராக்! அவள் கழற்ற நான் போட்டிருக்கிறேன். ஒரு பையன் மணிக்கட்டில் பெரியவர்களுடைய கைக்கடிகாரம், முழங்கை வரைக்கும் ஏற்றிக் கட்டியிருக்கிறது. அடுத்த பையன் கையிலும் அதே கடிகாரம். மேசைமேல் டிரான்ஸிஸ்டர் ஒன்று, குரோஷா ஊசியில் பின்னிய உறை போட்டு. கேக் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியமாக அதையும் நடுவில் வைத்திருக்கிறார்கள். விரிப்பு எட்டாத இடத்தில் எல்லாருக்கும் வெறுங்கால். மேலே ராஜா, கீழே நாம்.

எல்லாவற்றையும்விட என்னைத் துள்ளவைத்தது சுவர். பின்னால் ஒரே ஆணி. ஆனால் அதில் தொங்குகிற காலண்டர் படத்துக்குப் படம் மாறுகிறது. லில்லிக்குப் பின்னால் ஏசுநாதர். எனக்குப் பின்னால் முருகன். அது எங்கள் வீட்டு முருகன், மயிலின் தோகையில் நான் நெய்க்கறை வைத்த முருகன்! ஊருக்கு அனுப்புகிற படம் அல்லவா? அவரவர் வீட்டில் அவரவர் பிள்ளைக்குப் பிறந்தநாள் நடந்தது போல இருக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, மாமாதான். படிக்காத மனுஷர், ஆனால் யாருக்கு எங்கே குறுகுறுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு இதே ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் சாமி படத்தைக் கேட்டுவிட்டுத்தான் சாவியைக் காட்டுகிறார்கள். அன்றைக்கு ஒரே ஆணியில் எல்லாச் சாமியும் முறைவைத்துத் தொங்கியிருக்கின்றன.

இத்தனையும் கிடைத்தது, உன் முகம் கிடைக்கவில்லை. ஜெனியிடம் கையை மட்டும் வெட்டி அனுப்பவா முடியும்? ஏழு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. பாஷாவின் முறையில் கேக் வழுக்கியது என்றேனே, ஏன் வழுக்கியது? தட்டைத் தாங்கியிருந்த கை நழுவியதால்தானே! எனக்குக் கேக் சரிந்தது மட்டும்தான் ஞாபகம். கை நழுவி, கேக் சரிந்தால், அடியில் இருந்தவள் என்ன செய்திருப்பாள்? சும்மாவா உட்கார்ந்திருப்பாள்? உன்னை எனக்குத் தெரியாதா! நீ எழுந்திருப்பாய். ஸ்டுடியோக்காரர் கிளிக் செய்த அந்த நொடியில் நீ மேலே வந்திருப்பாய். நாம் எல்லாரும் வீணாய்ப்போனது என்று விட்டுவிட்ட அந்தப் படத்தில்தான் நீ இருக்கவேண்டும்.

ஆனால் வீணாய்ப்போன படத்தை யார் பிரிண்ட் போட்டு வைத்திருப்பார்கள்?

பாஷா இப்போது அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். போனில் கேட்க நம்பிக்கையில்லாமல் நேரே பஸ் ஏறிப் போனேன். கடைக்குள் பைப்புகளுக்கு நடுவில் நரைத்த தாடியோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், பெயின்ட் கேட்டு நின்றவரிடம் "ஸ்வல்ப இரி சார்" என்று கன்னடத்தில் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு ஓடிவந்தான். நம்மைவிட இரண்டு வயசு சின்னவன், இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

"என்னக்கா, போட்டோவுக்காகவா இவ்ளோ தூரம்? அரே, போன்ல சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேனே."

"உன் போட்டோ வேணாம்டா. அந்த கேக் விழுந்த போட்டோ இருக்கா?"

அவன் முகம் சட்டென்று அஞ்சு வயசுப் பையனுடையதாக மாறிவிட்டது. "கேக் விழலக்கா. அவங்க பிடிச்சிட்டாங்க."

"யாரு?"

"அவங்கதான். டேபிள் அடியில இருந்தவங்க. வலிக்குதுன்னு கை மாத்திப் பிடிச்சிருந்தாங்க. தரையில வெச்சிருந்த கையை நான்தான் மிதிச்சிட்டேன். புண்ணு கையை. மாமாகிட்ட சொல்லிடாதேன்னு நான் அழுதேன். அவங்க சொல்லவே இல்ல."

எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்து, நாற்பது சொச்சம் வருஷம் என்னிடம்கூடச் சொல்லவில்லை நீ.

பாஷா கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஆல்பத்தைக் கொண்டுவந்தான். கறுப்புத் தாள், மூலைக்கு மூலை ஒட்டு. அவன் படம் நடுவில் இருந்தது. பின்னால் சுவரில் பூச்சாடி போட்ட காலண்டர். "இது எங்க வீட்டுது. மாமா கொண்டுவரச் சொன்னாரு, நான்தான் தூக்கிட்டுப் போனேன்" என்றான். பிறகு அந்தப் படத்தின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பி, பின்னால் இருந்து இன்னொன்றை உருவினான்.

"ஸ்டுடியோக்காரரு இதையும் சேர்த்துக் குடுத்துட்டாரு. அப்பா கிழிக்கப் போனாரு. அம்மீ விடலக்கா. புள்ளைங்க மூஞ்சி இருக்கிற போட்டோவைக் கிழிக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா வெளிய வைக்க வெக்கம். பின்னாடி சொருகிட்டாங்க."

நீ இருந்தாய்.

பாஷா ஓரத்தில் கலங்கலாக, கத்தியோடு பின்வாங்குகிறான். கேக் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நடுவில், விரிப்பைத் தலைமேல் முக்காடு போல இழுத்துக்கொண்டு, நீ எழுந்து நிற்கிறாய். இரண்டு கையாலும் கேக்கை அணைத்துப் பிடித்திருக்கிறாய், கன்னம் வரைக்கும் கிரீம். பழைய பாவாடைச் சட்டை, உன் ஃபிராக்தான் என்னிடம் வருவதற்காகக் காத்திருந்ததே. முன்பல் இரண்டு இல்லை. மிதிபட்ட கைக்கு அழுதிருக்கவேண்டிய நேரத்தில் வாய் காதுவரைக்கும் சிரிக்கிறது. ஆடியது பாஷாவும் கேக்கும்தான். நீ அவ்வளவு தெளிவாக இருக்கிறாய்! ஸ்டுடியோக்காரர் வேண்டும் என்று உட்காரவைத்து எடுத்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது.

கடை வாசலில் நின்று சத்தம் போட்டு அழுதேன், சிரித்துக்கொண்டே. பெயின்ட் வாங்க வந்தவர் பாஷாவிடம் கன்னடத்தில் ஏதோ விசாரித்தார். அவன் தமிழில் "எங்க அக்கா" என்றான், அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த ஒரு படம் வீணானதால்தான் உனக்குப் படம் இல்லாமல் போயிற்று என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பன்னிரண்டாவது வரை காத்திருக்கவே இல்லை, பத்தாவதிலேயே வந்துவிட்டாய். அதை நீ பார்க்காமல் போனாயே என்பதுதான் தாங்கமுடியவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாயே, சின்னப் பிள்ளையில் எப்படி இருந்தேன் என்று. இப்படித்தான் இருந்தாய் டீ. இப்படியேதான் இருந்தாய்.

அங்கிருந்தே ஜெனிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "ஆன்ட்டி, பாப்பா இப்படித்தான் சிரிக்கிறா. ரெண்டு பல்லும் இல்லாம, இதே மாதிரி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரை உட்காரவைத்துச் சொன்னேன், ஹாலில் தொங்குகிறது என் பிறந்தநாள் படமே இல்லை என்று. அவர் பேப்பரை மடித்துவிட்டு, "தெரியுமே. உனக்கு மார்கழிலதானே பிறந்தநாள். அந்தப் படத்துல உனக்கு வேர்த்து வழியுது, ஜன்னல்ல மாம்பழம் வேற இருக்கு" என்றார். கல்யாணமான முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டாராம். மைக்ராஸ்கோப் பார்த்தவள் நான், மாம்பழத்தைப் பார்த்தவர் அவர். இதைக் கேட்டால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

போன சனிக்கிழமை பார்ட்டி. கிளப் ஹவுஸ் சுவரில் ஜெனி உன் படத்தை எல்லாவற்றையும்விடப் பெரிதாக மாட்டியிருந்தாள். கொள்ளுத்தாத்தாவின் குதிரைப் பொம்மையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் என் படம், ஓரம் மூடாமல், உன் கையோடு. வந்தவர்களுக்கு எல்லாம் நானே விளக்கினேன், "இது என் பிறந்தநாள் இல்லைங்க, இவளோடது" என்று. ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. பாஷா குடும்பத்தோடு வந்திருந்தான். உன் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்று, "ஸாரி அக்கா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

கேக் மூன்று அடுக்கு. உள்ளே வெறும் தெர்மோகோலாக இருந்தாலும் இருக்கும், யார் கண்டது. ஜெனி கத்தியை எடுத்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கத்தியை வை, வெட்டாதே" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திடுக்கிட்டார்கள். ஜெனிக்கு மட்டும் புரிந்தது. ஒவ்வொருவராக நிற்கச் சொன்னாள். அந்த மாடி, இந்த மாடிக் குழந்தைகள், பாஷாவின் பேரன், கேக் கொண்டுவந்த பெண்ணின் மகள், அவள் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு. ஆளாளுக்குப் பெயர் சொல்லிப் பாடினோம். பாப்பாவுக்குக் கடைசி முறை. வீட்டுக்காரி அல்லவா?

பாப்பாவோடு குடும்பம் நின்றபோது ஜெனி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா இடத்துல நீங்க நில்லுங்க ஆன்ட்டி." மறுபடியும் உன் கேக்குக்குப் பின்னால் நான். போட்டோக்காரர் "ரெடி" என்றபோது என் இடது கை தானாக மேசை விரிப்புக்குக் கீழே போய்விட்டது. தட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. மேசை உறுதியாக இருந்தது, தட்டு நேராகத்தான் இருந்தது, தாங்க ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் கடைசிப் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.